மாமனார் பெயரில் வந்த உணவுத் திட்டம்

மழை தொடங்குவதற்கு முன்பு, ஜூன் மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று. கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. மூன்று வருடங்களாக உதிரப்போக்கு என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து சால்ட் லேக்கில் இருக்கும் என் அலுவலகம் வரை, வழியில் எந்தெந்த இடத்தில் தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெளிர் நிறப் புடவைகளை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். அலுவலகத்தில் லிஃப்ட் ஓடாத நாட்களில் முதல் மாடித் திருப்பத்தில் கைபேசியைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்று மருத்துவர் சொன்னார். என் வயதுப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசாதவர். ஆனால் எட்டில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். "பத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் ஏற்றித்தான் செய்ய முடியும்."

ரத்தம் ஏற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மகள் பிறந்தபோது ஒரு முறை ஏற்றினார்கள். பாதி பாட்டில் போவதற்குள் உடம்பு தூக்கிப் போட்டு, கட்டில் ஆடுமளவுக்கு நடுங்கியது. அதைச் சொன்னேன். மருத்துவர் யோசித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். அது உதிரப்போக்கை நிறுத்தி வைக்கும். அந்த இடைவெளியில் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பாடுமாக நான் என் ரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

"பூஜைக்கு முன்னால் முடித்துவிடலாம். அதற்கு மேல் இந்த மாத்திரையை நான் தர மாட்டேன்," என்றார்.

அதாவது எனக்குத் துர்கா பூஜை வரைக்கும் அவகாசம். அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன்: சொந்த ரத்தத்தோடு போய்ப் படுப்பது.

அதே சமயத்தில் என் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டில் கட்டுப்படுத்திப் பாருங்கள், முடியாவிட்டால் மாத்திரை என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். நாள் முழுவதும் பேரம் பேசுகிறவர்; தன் உடம்போடும் அப்படித்தான். "ரெண்டு சந்தேஷுக்குப் பதிலா ஒண்ணு. அப்புறம் என்ன?" என்பார் இனிப்புக் கடையில்.

அலுவலகத்தில் ஒருவர் சொன்னதன் பேரில் இருவரும் ஜாதவ்பூரில் ஓர் உணவு ஆலோசகரிடம் போனோம். மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. முப்பத்தைந்து வயதிருக்கும் வங்காளிப் பெண். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் பசிக்குமா, எத்தனை மணிக்குக் கை நடுங்கும், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுவது, மீந்த சோற்றை என்ன செய்வீர்கள், சாப்பிட்டபின் காபி குடிக்காவிட்டால் தலை வலிக்குமா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு பதிலையும் தட்டச்சு செய்தார். மோர்க்குழம்பு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்று வருடங்களில் என்னைப் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் என் வயிற்றைத்தான் விசாரித்திருந்தார்கள். என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதே உடம்பு கொஞ்சம் லேசானதுபோலிருந்தது. இன்னும் ஒரு வாய் கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

எங்கள் பெயர் சங்கதியை இங்கே சொல்லிவிட வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. என் கணவருக்கு அவர் பெயர், அதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் தலைப்பெழுத்து, அவ்வளவுதான். கொல்கத்தாவில் அதை வைத்துக்கொண்டு ஒரு படிவத்தைக்கூட நிரப்ப முடியாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் பெயரைக் கடைசியில் போட்டார்கள். அன்றிலிருந்து ஊரைப் பொறுத்தவரை அவர் 'மிஸ்டர்' அவருடைய அப்பா. கல்யாணமாகி வந்த நான் 'மிஸஸ்' என் மாமனார். மேல் வீட்டுக்காரர், கேஸ் ஏஜென்சி, கூரியர் பையன் எல்லோருக்கும் நான் மாமனார்தான். மாமனார் ஒரு முறை எங்களைப் பார்க்க வந்து, கீழே தபால் பெட்டியில் தன் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் வாங்கின வீடாடா இது?" என்று கேட்டார்.

ஆனால் என் காகிதங்களில் அப்படி இல்லை. ஆதாரிலும் அலுவலகப் பதிவிலும் என் பெயர், அதன் பின்னால் கணவர் பெயர். ஆக, காகிதப்படி அவருடைய குடும்பப் பெயர் அவருடைய அப்பா. என்னுடைய குடும்பப் பெயர் அவர். படிவங்களை நான் எப்போதும் காகிதப்படிதான் நிரப்புவேன். ஆலோசகரின் அறையிலும் இருவருக்கும் சேர்த்து நான்தான் நிரப்பினேன். ஒரு பிழையும் இல்லை.

நான்கு நாட்கள் கழித்து, கொடுத்திருந்த எண்ணுக்கு, அதாவது கணவரின் கைபேசிக்கு, இரண்டு கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'உங்களுக்காக மட்டும்' என்று ஒரு வரி. அதன் கீழே பெரிய எழுத்தில் குடும்பப் பெயர். அதற்குக் கீழே ஒரு பதிவு எண். வேறு எதுவும் இல்லை. நோய் என்ன என்று அதில் போடவில்லை. நாசூக்கு கருதி அப்படிச் செய்வார்களாம்.

ஒன்றில் அவர் பெயர் இருந்தது. மற்றதில் அவருடைய அப்பா பெயர்.

"இது எனக்கு. எங்கப்பா பேர்ல வந்தது உனக்கு," என்று அனுப்பிவைத்தார்.

நானும் யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது நான்தானே.

இரண்டையும் அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். என்னுடையதில் காலையில் வெந்தய நீர், பிறகு ஓட்ஸ், மதியம் சோறு ஒரு கிண்ணம் மட்டும், பாகற்காய், இரண்டு வேளையும் தயிர், சாப்பிட்டவுடன் சர்க்கரை இல்லாத கிரீன் டீ, மாலையில் ஏரியைச் சுற்றி நடை. அவருடையதில் குலேகாரா இலைச் சாறு, பேரீச்சை, பீட்ரூட், வெல்லம் போட்ட வேர்க்கடலை உருண்டை, வாரம் இரண்டு நாள் ஈரல், ஒவ்வொரு சாப்பாட்டோடும் எலுமிச்சை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குக் காபியும் கூடாது, டீயும் கூடாது.

"சுகர் இருக்கறவருக்கு வெல்லமா?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர்தான் பர்சனல். சுகர்காரன் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுன்னா எதுக்கு அவ்வளவு நேரம் பேசணும்? இனிப்பு இல்லாம எனக்கு ஓடாதுன்னு சொன்னேன். அந்தம்மா காது குடுத்துக் கேட்டிருக்காங்க. சந்தேஷை வெட்டிட்டு வெல்லத்தைக் குடுத்திருக்காங்க. இது ஒரு டீல்."

"ஈரல்?"

"மத்தியானம் அசந்து போறேன்னு சொன்னேன்ல. அதுக்கு."

அவர் மட்டும் அப்படிக் காரணம் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. நான் ஒவ்வொரு வரியையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருத்தம் பார்த்துவைத்தேன். வெந்தயம் வயிற்றுச் சூட்டுக்கு. தயிர், மாத்திரையின் எரிச்சலுக்கு. சோற்றைக் குறைத்தது என் மதிய உப்புசத்துக்கு. நான் அதை ஆலோசகரிடம் சொல்லியிருந்தேனே. இரும்புக்குத்தான் மாத்திரை இருக்கிறதே, உணவில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார் என்றுகூட ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பொதுவான ஓர் அறிவுரையாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். எனக்கென்றே எழுதியது என்பதால் புரியாத இடத்தில் எல்லாம் என்னைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டேன்.

குலேகாரா என்பது நம் நீர்முள்ளி. இந்த ஊர்ச் சந்தைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ரத்தம் ஊறும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். தினமும் காலையில் அதை ஆய்ந்து, கழுவி, மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி ஒரு டம்ளர் அவர் கையில் கொடுப்பேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். நான் என் வெந்தய நீரைக் குடிப்பேன்.

படுக்கப் போகுமுன் அன்றன்று நடந்ததை எழுதிவைப்பது என் பழக்கம். அந்த மருத்துவ மாதங்களில் பக்கத்தின் ஓரத்தில் அன்றைய உடம்புக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் போட்டுவந்தேன். ஜூனில் நாலும் அஞ்சுமாக இருந்தது ஜூலை நடுவில் ஏழானது, பிறகு எட்டு. வயிறு தட்டையானது. ஒரே தூக்கமாகத் தூங்கினேன். ஏரியைச் சுற்றி நடக்கும்போது பாதியில் உட்காரவில்லை. மாடி வீட்டு பௌதி, அண்ணி முறையில் நான் கூப்பிடுகிறவர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், படிக்கட்டில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "என்ன சாப்பிடுகிறாய்? முகம் தெளிந்திருக்கிறதே," என்று வங்காள மொழியில் கேட்டார். திட்டத்தின் ஒரு பிரதியைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் வேண்டாம், அது உனக்கென்று எழுதியது, எனக்கு ஒத்துக்கொள்ளாது," என்றார்.

கணவரோ ஊருக்கே பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் இரண்டு பேரை ஜாதவ்பூருக்கு அனுப்பிவிட்டார். மதியத் தூக்கம் போய்விட்டதாம், முழங்கால் வலிகூடக் குறைந்துவிட்டதாம். "இருபது வயசுல இருந்த மாதிரி இருக்கு," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நின்று கைகளைச் சுழற்றினார்.

"இருபது வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதே," என்றேன்.

"அது உன் நஷ்டம்."

ஜூலை கடைசியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். குறைந்தது ஒன்பது இருக்கும் என்ற நம்பிக்கையோடு முடிவை வாங்கப் போனேன். எட்டு புள்ளி மூன்று.

வேறொரு இடத்தில் மறுபடி கொடுத்தேன். அங்கும் அதேதான்.

மருத்துவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "மாத்திரை விட்டுப்போனதா?"

"ஒரு வேளைகூட இல்லை. சாப்பாட்டோடு தினமும் இரண்டு."

"கூட என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"தயிர். முடிந்தவுடன் கிரீன் டீ. திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "டீயும் தயிரும் இரும்பை உள்ளே சேர விடாது. ரத்தசோகைக்காரருக்கு இப்படி யார் எழுதிக் கொடுப்பார்கள்? போய்க் கேளுங்கள்." பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருந்த அவகாசத்தில் பாதி போயிருந்தது.

அன்று மாலை அலுவலகத்திலிருந்து நேராக ஜாதவ்பூருக்குப் போனேன். மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். கையில் செருப்போடு படியேறினேன். ஆலோசகர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து நின்றார்.

"வாங்க தீதி. நன்றாக இருக்கிறீர்களே. குலேகாரா சாறு ஒத்துக்கொண்டதா?"

"அதை என் கணவர்தான் குடிக்கிறார்."

"அவரும் குடிக்கிறாரா? பரவாயில்லை. நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள்?"

"நான் எதற்குக் குடிக்க வேண்டும்? அது அவருடைய திட்டத்தில் இருக்கிறது."

அவர் புன்னகை அப்படியே நின்றது. கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தட்டினார். பதிவு எண்ணைக் கேட்டார். என் கைபேசியிலிருந்து படித்தேன்.

"தீதி, இது உங்களுடையது இல்லை."

"என் பெயர் போட்டிருக்கிறதே," என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது என் பெயர் இல்லை. என் பெயர் அந்த இரண்டு தாள்களிலும் எங்குமே இல்லை. அவருடைய கணினி குடும்பப் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தது. அதன்படி என் கணவர் பெயர் போட்ட தாள் எனக்கு. என் மாமனார் பெயர் போட்ட தாள் என் கணவருக்கு. நான் படிவத்தில் எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் மிகச் சரியாக வந்திருந்தது.

விளக்கிச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு குடும்பப் பெயரா? அதுவும் உங்களுடையது அவருடைய சொந்தப் பெயரா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்படியானால் உங்கள் கணவர் வெல்ல உருண்டை..."

"தினமும் இரண்டு. சில நாள் மூன்று."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். உட்காருங்கள், எல்லாவற்றையும் மறுபடி பேசி உங்களுக்குப் புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றார். அந்த முக்கால் மணி நேரம் இன்னொரு முறை கிடைக்கும் என்றபோது ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் எனக்கு நேரம் இல்லை.

"புதிது வேண்டாம். எனக்காக எழுதியதை நான் இன்னும் சாப்பிடவே இல்லையே," என்றேன். பெரிய எழுத்தில் என் சொந்தப் பெயரைப் போட்டு அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னேன். எழுத்துக்களைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் கணவர் வேர்க்கடலை உருண்டையோடு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதலில் அந்தத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் என் ரத்த அளவுதான் உறைத்தது. "அப்போ உனக்கு இவ்வளவு நாள் வீணாப் போச்சே," என்றார். அப்புறம்தான் தன் விஷயத்துக்கு வந்தார்.

"ஆனா எனக்கு நல்லா இருந்துச்சே."

"சுகர் பாத்தாத் தெரியும்."

"பாப்போம். ரிப்போர்ட்டு வேற, உடம்பு வேற. எனக்கு நல்லா இருந்துச்சுன்னா பொய்யா சொல்றேன்?"

மறுநாள் பார்த்தோம். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய மருத்துவர் மாத்திரை எழுதினார்.

பொய்யா சொல்றேன் என்று அவர் கேட்டதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. மாடிப்படியில் அவர் தாவி ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். என் குறிப்பேட்டின் ஓரத்தில் இருந்த எட்டுகளும் நான் மனமறிந்து போட்டவை. உதிரப்போக்கு நின்றதே பாதிச் சுகம். அதை நான் வெந்தயத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். வயிறு தட்டையானதும் உண்மை. மீதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஒருவர் என்னை உட்காரவைத்துக் கேட்டு, அதை எழுத்தில் போட்டு அனுப்பினார் என்ற நினைப்பிலிருந்து வந்தது. அந்தச் சுகத்தை நான் இன்றும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ரத்தத்தில் ஏறவில்லை.

ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து எனக்குரியதைச் சாப்பிட ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாகச் சாப்பிட்டதில்லை. குலேகாரா சாறு குளத்தடிச் சேறு போல நாறியது. அவர் மூக்கைப் பிடித்தது ஏன் என்று புரிந்தது. டீயும் தயிரும் விலகியதும் இரும்பு மாத்திரை தன் வேலையைக் காட்டியது. வயிறு கல்லானது. வாயில் எப்போதும் ஆணியைச் சப்பிய ருசி. சாப்பாட்டுக்குப் பின் காபி இல்லாமல் முதல் வாரம் தலை பிளந்தது. ஈரலை நான் வறுத்துப் பார்த்தேன், குழம்பு வைத்துப் பார்த்தேன், மிளகு போட்டுப் பிரட்டிப் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினேன். மதிப்பெண் ஐந்துக்கு இறங்கி, நாலுக்கு வந்து, ஒரு நாள் மூன்று.

எதிர்ப் பக்கத்தில் கணவர் வெந்தய நீரோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா பேர்ல வந்த சாப்பாடு எங்கப்பா மாதிரியே இருக்கு. எதுக்கும் விட மாட்டேங்குது."

"குடிங்க."

"எனக்குன்னு எழுதினதுங்கறாங்க. எனக்கு ஒத்தே வரல. உன்னோடது எனக்கு எவ்வளவு பொருத்தமா இருந்துச்சு தெரியுமா?"

"இந்தாங்க, இந்த ஈரலை வேணும்னா எடுத்துக்கோங்க. ஆனா எனக்கு ரத்தம் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில நீங்கதான் போய்ப் படுக்கணும்."

அவர் குனிந்து பாகற்காயைச் சாப்பிட்டார்.

பௌதி படியில் நிறுத்தினார். "முகம் வாடிவிட்டதே. முன்பு சாப்பிட்டதுதான் உனக்கு ஒத்துக்கொண்டது. அதையே சாப்பிடு. உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும்." அன்பாகத்தான் சொன்னார். அன்று மாலை வெந்தய டப்பாவைக் கையில் எடுத்தேன் என்பதும் உண்மை. உடம்பு சொல்வதைக் கேட்டு ஏற்கெனவே ஒன்றரை மாதம் போயிருந்தது. டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த நாளுக்கான பேரீச்சையை எண்ணி எடுத்து வைத்தேன்.

மதிப்பெண் போடுவதை நான் நிறுத்தவில்லை. தினமும் நேர்மையாக நாலு என்று எழுதிவிட்டு, மறுநாள் காலையில் கீரைக் கட்டைப் பிரித்தேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒன்பது புள்ளி இரண்டு. செப்டம்பர் நடுவில் ஒன்பது புள்ளி ஏழு. தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது போதும். ஒரே ஒரு பாட்டில் கைவசம் வைத்துக்கொண்டு செய்துவிடலாம். களைத்துப் போயிருக்கிறீர்கள்," என்றார்.

"பூஜைக்கு முன் உங்களுக்குக் கடைசியாக எந்த நாள் காலியாக இருக்கிறது?"

அவர் பார்த்துச் சொன்னார். நடுவில் பத்து நாள் இருந்தது.

"அந்த நாளைக் கொடுங்கள்."

"அதற்குள் தொடாவிட்டால்?"

"அப்போது பாட்டிலைப் பற்றிப் பேசுவோம்."

அந்தப் பத்து நாளில் கணவர் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து குலேகாராவை அவரே அரைத்தார். வடிகட்டத் தெரியாமல் மேடையெல்லாம் பச்சையாக்கினார். ஒரு டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, தன் வெந்தய நீரை எடுத்து அதில் லேசாக இடிப்பார். இருவரும் ஒரே மூச்சில் குடிப்போம். அவருடைய சர்க்கரையும் மாத்திரையோடு இறங்க ஆரம்பித்திருந்தது. "ரிப்போர்ட் நல்லா இருக்கு. நான்தான் நல்லா இல்ல," என்றார்.

அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய நாள் பத்து புள்ளி ஒன்று.

மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் படிவத்தைக் காகிதப்படி நிரப்பிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பணம் கட்டியவர் என்று கணவரின் அட்டையும் அவர்களிடம் இருந்தது. சற்று நேரத்தில் ஜன்னலிலிருந்து ஒருவர் உரக்கக் கூப்பிட்டார். மிஸஸ் என் மாமனார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"கூப்பிடுறாங்க," என்று கணவர் என் கையை இடித்தார்.

"அது உங்க அப்பா."

மறுபடி கூப்பிட்டார்கள். உட்கார்ந்தே இருந்தேன். மூன்றாவது முறை கணவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். என் அட்டையைக் காட்டி, கூப்பிட வேண்டிய பெயர் இது, கையில் கட்டும் பட்டையிலும் இதுதான் வர வேண்டும் என்று சொன்னேன். அடித்து வைத்திருந்த பட்டையை அவர் கிழித்துப் போட்டார். புதிது வந்தது. எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் மணிக்கட்டை நீட்டினேன்.

அறுவை சிகிச்சை என் சொந்த ரத்தத்திலேயே முடிந்தது. பாட்டில் பெட்டியிலேயே இருந்தது என்று மருத்துவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை, சின்னப் பெண் ஒருத்தி கையில் ஒரு பலகையும் பேனாவுமாகக் கட்டிலருகே வந்தாள். மருத்துவமனைச் சமையலறையின் உணவு ஆலோசகராம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"தீதி, வீட்டில் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? காபியா, டீயா? காரம் எவ்வளவு பிடிக்கும்?"

தையல் இழுத்துக்கொண்டிருந்தது. தொண்டை காய்ந்து கிடந்தது. ஆனாலும் அவள் கேட்டதும் உடம்பு பாதி தேறிவிட்டதுபோல இருந்தது. ஜாதவ்பூர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே லேசு. அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். வரட்டும் என்று விட்டேன்.

"எல்லாம் சொல்கிறேன்," என்றேன். "முதலில் இதைப் படி."

மெல்லக் கையைத் தூக்கிப் பட்டையை அவள் பக்கம் திருப்பினேன்.